இராக்காவல் பகலில் தொடங்குகிறது



பெரும்போக வெள்ளாமை குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தின் காட்டோரக் கிராமங்களில் நித்திரை குறைந்துவிடும். மூதூர் கிழக்கு, வெருகல், சேருவில, தம்பலகாமம், கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, குச்சவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் பெண்கள் சொல்வது ஒன்றுதான்: "பகல்ல வேலை, ராவில காவல்." அறுவடை முடிந்த பிறகும் ஆறுதல் இல்லை. வயலில் நின்ற நெல் மூடைகளாக வீட்டுக்குள் வருகிறது. அதன் வாசத்தைப் பிடித்துக்கொண்டு யானையும் வீட்டுக்கு வருகிறது.

கிராமங்களில் நடக்கும் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது: "வீட்டில ஆம்பிளை இல்ல மிஸ். ராவில ஆனை வந்தா நான் என்ன செய்யிறது?"

கேட்பவர்களில் பலர் போரில் கணவரை இழந்தவர்கள். சிலர் காணாமற்போன கணவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். சிலருக்குக் கணவர் வெளிநாட்டில் அல்லது கொழும்பில் கூலிவேலையில். இவர்களுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. யானை வாசலுக்கு வந்த பிறகு ஆணாலும் பெண்ணாலும் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி பகலிலேயே இருக்கிறது. அதிலும் பாதி உங்கள் வீட்டு வேலை, மறுபாதி ஊரின் வேலை. இந்த இரண்டையும் பற்றித்தான் இம்மாதம் பேசப்போகிறோம்.

ஏன் வருகிறது?

சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தமது காணிகளுக்குத் திரும்பினார்கள். தென்னமரவாடி மக்கள் 1984இல் வெளியேறி, போர் முடிந்த பின்னரே திரும்பினார்கள். கால் நூற்றாண்டு அது. ஆளில்லாத அந்த ஆண்டுகளில் வளவுகள் பற்றைக்காடாகின. குளங்கள் தூர்ந்து புல்வெளியாகின. யானைக்கு அது நல்ல மேய்ச்சல் நிலம். நாங்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டிக் கொட்டில் போட்டபோது, நாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தோம் என்று நினைத்தோம். யானையோ தன் வழியில் புதிதாக ஒரு கொட்டில் முளைத்திருப்பதைக் கண்டது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 2011ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதமான இடங்களில் யானை நடமாடுகிறது என்றும், அவ்வாறு நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள் என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். யானையைக் காட்டுக்குள் துரத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம். யானையின் காடும் எங்கள் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கும் மேற்பட்ட யானைகளும் 160க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த முரண்பாட்டில் மாண்டிருக்கிறார்கள்.

பயிருக்கும் வீட்டுக்கும் இரவில் வருபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகள். நாங்கள் தனியன் என்று சொல்வது அவற்றைத்தான். ஒரு வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவு தின்னும். அவ்வளவையும் காட்டில் பிடுங்கித் தின்ன நெடுநேரம் வேண்டும். ஒரு மூடை நெல்லிலோ சில வாழைகளிலோ அதே பலன் சொற்ப நேரத்தில் கிடைக்கிறது. அதன் பார்வை மந்தம், ஆனால் மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. எனவே எங்கள் வீடு அதற்குக் கண்ணால் தெரிவதைவிட மணத்தால் தெரிகிறது. நெல், உப்பு, பழுத்த வாழை, பலா, விளாம்பழம், விழுந்து கிடக்கும் பனம்பழம், ஊறவைத்த தவிடு ஆகிய எல்லாமே அதற்கு அழைப்பிதழ்தான். இதைப் புரிந்துகொண்டால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

காவல் முறையும் பெண் தலைமை வீடும்

எங்கள் ஊர்களில் யானைக் காவல் ஆண்களின் வேலையாகவே அமைந்திருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆண் என்று முறை போடுவார்கள். பரண் கட்டுவார்கள். தீ மூட்டுவார்கள். வெடி கொளுத்திக் கலைப்பார்கள். ஆண் இல்லாத வீடு என்ன செய்வது? காசு கொடுக்க வேண்டும். அல்லது பன்னிரண்டு வயது மகனை அனுப்ப வேண்டும். அல்லது "எங்களுக்காகவும் நில்லுங்கோ" என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு விலை இருக்கிறது. "காவலுக்கு வாறன் எண்டு சொல்லி ஒருத்தர் ரெண்டு நாள் வந்தார். மூண்டாம் நாள் ஊர் கதைக்கத் தொடங்கிட்டு. பிறகு அவரும் வேற மாதிரிக் கதைக்கத் தொடங்கிட்டார். ஆனையைப் பார்க்கிறதோ அவரைப் பார்க்கிறதோ?" என்று ஒரு சகோதரி கூட்டத்தில் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் மௌனமானார்கள். அந்த மௌனத்துக்குப் பொருள் உங்களுக்குத் தெரியும். யானைப் பயம் என்று நாங்கள் வெளியில் சொல்வதற்குள் வேறு பயங்களும் ஒளிந்திருக்கின்றன.

பன்னிரண்டு வயது மகனை இரவில் வயலுக்கு அனுப்புவது எந்த வகையிலும் சரியல்ல. யானையால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இரவில் வெளியில் நடமாடுவதே அதற்கு முதற்காரணம். மது அருந்திவிட்டு இருட்டில் வீடு திரும்புவோர், கலைக்கப் போய் மிக அருகில் நெருங்குவோர் பலர் இவ்வாறு மாண்டிருக்கிறார்கள். அவர்களின் மனைவியர் இன்று எங்கள் குழுக்களில் புதிதாக வந்து சேர்கிறார்கள். எங்களைப் போல் இன்னொருத்தி உருவாகாமல் இருப்பதற்கும் இந்தக் கதை தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இரவில் கலைப்பதால் யானை பழக்கத்தை விடுவதில்லை. அது சத்தத்துக்குப் பழகுகிறது, மனிதர்மேல் கோபம் வளர்க்கிறது, இன்னொரு வழியால் வருகிறது. ஆகவே "எங்கள் வீட்டில் கலைக்க ஆளில்லையே" என்று நீங்கள் மனம் சோர வேண்டியதில்லை. கலைப்பது முழுத் தீர்வு அல்லவே அல்ல. பகலில் செய்யும் ஆயத்தமே பயன் தரும். அது எங்கள் கைக்கு எட்டிய வேலை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, நெல் மூடையும் நித்திரைப் பாயும் ஒரே சுவரோரம் இருக்கக்கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். களவு போகும் என்ற பயத்தில் பலர் மூடைகளைப் படுக்கும் அறையிலேயே அடுக்குகிறார்கள். யானை நெல்லை எடுக்கத்தான் சுவரை இடிக்கிறது. நெல்லுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் அந்தச் சுவரின் கீழ் அகப்படுகிறார். மண்வீடானாலும் கல்வீடானாலும் பிள்ளைகளும் முதியோரும் நெல்லுக்கும் குசினிக்கும் எதிர்ப்புறத்தில் படுக்கட்டும். அந்தப் பக்கத்தில் வெளியேற ஒரு கதவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் வைக்கும் நெல்லின் அளவைக் குறையுங்கள். "விலை ஏறும்வரை வைச்சிருக்கிறம்" என்று நீங்கள் சொல்வது நியாயமே. அறுவடை நேரத்தில் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கிறது. ஆனால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஊர் நடுவிலுள்ள உறுதியான ஒரு கட்டடத்தில் மூடைகளை வைக்கலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தையோ மாதர் சங்கக் கட்டடத்தையோ கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூடையிலும் பெயரெழுதி, கொப்பி ஒன்றில் பதிந்து, இருவர் கையொப்பம் வையுங்கள். சாப்பாட்டுக்கான நெல்லை இறுக்கமான மூடியுள்ள பீப்பாவில் வைத்தால் மணம் குறையும், எலியும் வராது. உப்பையும் மூடியுள்ள போத்தலிலோ வாளியிலோ வையுங்கள்.

மூன்றாவது, வளவு. பழுத்த வாழைக்குலையையும் பலாப்பழத்தையும் மரத்தில் விட்டுவைக்காமல் முற்றியதும் இறக்குங்கள். பனங்காய்க் காலத்தில் விழும் பழங்களை மாலைக்குள் பொறுக்கிவிடுங்கள். குப்பையையும் மிஞ்சிய சோற்றையும் குழி வெட்டிப் புதையுங்கள். மீதிச் சோறு காட்டுப் பன்றியையும் கூப்பிடும். வீட்டைச் சுற்றிப் பற்றையை வெட்டி வெளியாக்கினால் இருட்டில் நிற்பது யானையா மாடா என்று தூரத்திலேயே தெரியும். மீளக்குடியேறிய காணிகளில் பற்றை வெட்டும்போது சந்தேகத்துக்குரிய இரும்புப் பொருள் ஏதும் தென்பட்டால் தொடாமல் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

நான்காவது, அறிவிக்கும் வேலி. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று முன்னோர் சொன்னதைச் செய்து பார்க்கலாம். வளவைச் சுற்றிக் கம்பி கட்டி, வெறும் பால்மாப் பேணிகளில் இரண்டு மூன்று கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். அது யானையை நிறுத்தாது. ஆனால் உங்களை எழுப்பும். எழும்பிப் பிள்ளைகளை மற்றப் பக்கம் கொண்டுபோக அந்தச் சில நிமிடங்கள் போதும்.

ஐந்தாவது, என்ன நடுவது என்ற கேள்வி. வஸ்கமுவ பகுதியில் ஒரு வனசீவராசி அமைப்பு வீட்டுத் தோட்டங்களைச் சுற்றித் தோடை மரங்களை நாட்டிவருகிறது. யானை தோடை, தேசி இனங்களை விரும்பித் தின்பதில்லை. இது யானைக்குச் சுவராகாது. ஆனால் யானை மிதித்து அழிக்காத ஒரு வருமானம் வீட்டுக்குக் கிடைக்கிறது. வீட்டோரம் வாழை, கரும்பு வைப்பதற்குப் பதிலாகத் தேசியும் தோடையும் வைப்பதை யோசியுங்கள். கென்யா நாட்டில் வேலிக் கம்பியில் தேன் கூடுகளைத் தொங்கவிட்டு யானையைத் தடுக்கிறார்கள், அதில் பெண்கள் தேனும் விற்கிறார்கள். எங்கள் நாட்டுத் தேனீ அந்த நாட்டுத் தேனீயைவிடச் சாதுவானது. எனவே அதே அளவு பலனை இங்கு எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறாவது, மலசலகூடம். இதைக் கூட்டத்தில் யாரும் முதலில் பேசுவதில்லை, கூட்டம் முடிந்த பிறகு காதோடு கேட்கிறார்கள். வளவின் கடைசி மூலையில் மலசலகூடம், நடுவில் இருட்டு. யானைக்குப் பயந்து பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இது சிறுநீர்க் கிருமித் தொற்றைக் கொண்டுவரும். மாலை மங்குமுன் எல்லோரும் போய்வருவது, இரவுக்கு மூடியுள்ள ஒரு வாளியை வீட்டுக்குள் வைப்பது, போகத்தான் வேண்டுமென்றால் இருவராகப் போவது, கதவைத் திறக்குமுன் சற்று நேரம் நின்று காதுகொடுப்பது ஆகியவை பழக்கமாகட்டும். புதிய வீட்டுத்திட்டத்தில் இடம் தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் மலசலகூடத்தை வீட்டோடு சேர்த்துக் கட்டக் கேளுங்கள்.

வந்துவிட்டால்

வெளியே போகாதீர்கள். பார்ப்பதற்காகக்கூடப் போகாதீர்கள். மிக அருகில் நிற்கும் யானையின் முகத்துக்கு டோர்ச் அடிப்பது, கல்லெறிவது, கொள்ளிக்கட்டை வீசுவது ஆகியவை அதைச் சினங்கொள்ளச் செய்யும். பிள்ளைகளை மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். சுவரை இடிக்கத் தொடங்கினால் எதிர்ப்பக்கக் கதவால் வெளியேறி, முன்கூட்டியே பேசிவைத்த அயல் வீட்டுக்குப் போங்கள். நெல்லைக் காப்பாற்றத் திரும்பி வரவேண்டாம். உயிர் இருந்தால் அடுத்த போகம் விதைக்கலாம்.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. பொலிஸ் 119. உங்கள் பகுதி வனசீவராசி அலுவலகத்தின் இலக்கத்தையும் கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கைத்தொலைபேசியை மாலையிலேயே சார்ஜ் செய்து வையுங்கள். தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பங்கள் ஆபத்தான கிழமைகளில் இரவை உறுதியான ஓர் அயல் வீட்டில் கழிப்பதற்கு நாலைந்து வீடுகள் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் படுத்தெழும்பிய எங்களுக்கு இது புதிதல்ல.

வெடிச்சத்தம்

யானையைக் கலைக்கத் திணைக்களம் யானை வெடி கொடுப்பதுண்டு. அது வெடிக்கும்போது யானை ஓடுகிறதோ இல்லையோ, எங்கள் நெஞ்சு ஓடிவிடுகிறது. 2006இல் ஷெல்லடியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு, நள்ளிரவில் கேட்கும் அந்தச் சத்தம் வெறும் யானை வெடியாகத் தெரிவதில்லை. உடல் தானாகவே பங்கரைத் தேடுகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, பிறகு விடியும்வரை நித்திரை வருவதில்லை. இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. உயிர் தப்புவதற்காக உடல் அன்று கற்றுக்கொண்ட பாடம் அது.

இதற்கு ஊரில் ஓர் ஒழுங்கு செய்யலாம். வெடி கொளுத்துமுன் விசில் ஊதுவது அல்லது "ஆனை வெடி, ஆனை வெடி" என்று உரத்துக் குரல் கொடுப்பது என்று காவலுக்கு நிற்பவர்களிடம் கேளுங்கள். சத்தம் எதிர்பாராமல் வரும்போதுதான் கூடுதலாகத் தாக்கும். வெடித்ததும் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "இது ஆனை வெடி. நாங்க வீட்டில இருக்கிறம். சண்டை முடிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொல்லும்போது உங்கள் காதும் அதைக் கேட்கிறது. பாதத்தை நிலத்தில் அழுத்தி, மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். நடுக்கமும் கெட்ட கனவும் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகத் தயங்க வேண்டாம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

செய்யவே கூடாத இரண்டு

ஒன்று, வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிவேலிக்குக் கொடுப்பது. காட்டுப் பன்றிக்கென்று போட்ட இத்தகைய கம்பியில் சொந்தப் பிள்ளையும் அயலவரும் அகப்பட்டு இறந்த செய்திகளை நாங்கள் அடிக்கடி வாசிக்கிறோம். முறையான யானை வேலி வேறு. அதில் கருவி ஒன்று விட்டுவிட்டுக் கணநேர அதிர்ச்சியைக் கொடுக்கும். அது நோகும், ஆனால் கொல்லாது. வீட்டு மின்சாரம் பிடித்தால் விடாது.

மற்றது, ஹக்கபட்டாஸ். வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து பன்றிக்கு வைக்கும் வாய்வெடி. யானைக் குட்டிகள் அதைக் கடித்து, தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகின்றன. இது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமானது, தீனி உருண்டை போலத் தோன்றும் அப்பொருளை ஒரு பிள்ளை கையில் எடுக்கலாம், விறகுக்குப் போகும் பெண் மிதிக்கலாம். காட்டுக்குள் வெடி வைப்பதால் என்ன வரும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது வைக்க முயன்றால் தடுத்துப் பேசுங்கள். தெரியாத பொருளைத் தொடாதே என்று மிதிவெடிக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்ததை இப்போதும் விடாமல் கற்பியுங்கள்.

சத்தமில்லாமல் வருவது

யானை வந்தால் ஊரே அறியும். பாம்பு வந்தால் யாருக்கும் தெரியாது. நெல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் பாம்பு வரும். மழைக்காலத்தில் புற்றுகளில் வெள்ளம் ஏறும்போது கதகதப்பான இடம் தேடி வீட்டுக்குள்ளும் வரும். கட்டுவிரியன் என்னும் கருநிறத்தில் வெண்கோடுள்ள பாம்பு, நிலத்தில் பாய் விரித்துப் படுப்போரை நித்திரையிலேயே கடிப்பதுண்டு. கடி வலிப்பதில்லை, தடமும் சரியாகத் தெரியாது. நடுச்சாமத்தில் ஒருவர் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழும்பி, இமை சோர்ந்து, பேச்சுக் குழறினால் "வாய்வு" என்று இஞ்சி இடித்துக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கான காவல் மிக மலிவானது. நுளம்பு வலை. கட்டில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வலையின் ஓரங்களைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி கணிசமாகக் குறைவதைக் காட்டியது. விறகையும் ஓட்டையும் கல்லையும் வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள். இரவில் காலில் செருப்பும் கையில் டோர்ச்சும் இல்லாமல் முற்றத்தில் இறங்காதீர்கள்.

கடித்துவிட்டால் வெட்டவும் உறிஞ்சவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காப்பு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ ஒரு தடியோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமானது. அது வரத் தாமதமாகுமென்றால் கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள். விசகடி வைத்தியர்மீது எங்கள் ஊர்களில் உள்ள மரியாதை தெரிந்ததே. ஆனால் நாகம், கண்ணாடிப் புடையன், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் மருந்து அரசாங்க வைத்தியசாலையில்தான் உண்டு. முதலில் அங்கே போங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வேலி எங்கே போகிறது?

இனி ஊரின் வேலை. பல ஆண்டுகளாக யானை வேலிகள் காட்டுக்கும் காட்டுக்கும் இடையே, திணைக்கள எல்லைகளில் போடப்பட்டன. வேலியின் இரு பக்கமும் யானை நின்றது. 2020ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம் இதை மாற்றச் சொல்கிறது. யானையைச் சுற்றி வேலி போடாமல், ஊரையும் வயலையும் சுற்றி வேலி போட வேண்டும். அதை ஊராரே பார்த்துக்கொள்ள வேண்டும். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவ பகுதியில் இவ்வாறு செய்து பலன் கண்டிருக்கிறார்கள். வயல் வேலியை விதைப்பின்போது போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கிறார்கள். அதன் பின் யானை வந்து வைக்கோலையும் தாள்களையும் மேய்ந்துவிட்டுப் போகிறது. ஊரைச் சுற்றிய வேலி மட்டும் நிரந்தரமாக நிற்கிறது.

இங்கேதான் எங்கள் பங்கு வருகிறது. வேலி வரைபடத்தை யார் கீறுகிறார்கள்? கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல ஊரின் கடைசியில், கடைசியாகக் கிடைத்த காணியில் இருக்கின்றன. கம்பிச் செலவைக் குறைக்க வேலியை வளைக்கும்போது முதலில் வெளியே விடப்படுவது அந்தக் கடைசி நாலு வீடுதான். பிறகு ஊருக்குள் போகமுடியாத யானை, வேலிக்கு வெளியே இருக்கும் வீட்டைத்தான் தேடிவரும். அதாவது நல்ல வேலி ஒன்றே உங்களுக்கு ஆபத்தாகலாம். ஆகவே அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். தனியே போகாமல் மாதர் சங்கத்திலிருந்து நாலைந்து பேராகப் போங்கள். "எங்கட வீடுகள் வேலிக்கு உள்ளயோ வெளியயோ?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுவியுங்கள்.

காவல் முறையையும் அங்கேயே பேசலாம். இராக்காவல் மட்டும்தான் பங்களிப்பு என்று யார் சொன்னது? புல்லும் கொடியும் கம்பியில் முட்டினால் வேலியின் மின்சாரம் நிலத்துக்குள் இறங்கிவிடும். வேலி நிற்பது தூணால் அல்ல, துப்புரவால். வேலி வழியே நாளாந்தம் நடந்து பார்ப்பது, புல் வெட்டுவது, பற்றரியைப் பரிசோதிப்பது, சந்தாக் கணக்கு வைப்பது ஆகிய எல்லாம் பகல் வேலைகள். ஆண் இல்லாத வீடுகள் இந்த வேலையைப் பொறுப்பெடுத்து, அதை இராக்காவலுக்குச் சமமான முறையாக ஏற்றுக்கொள்ளக் கேட்பது நியாயமான கோரிக்கை. அப்போது யாரிடமும் காசு கொடுத்தோ கெஞ்சியோ காவல் வாங்க வேண்டியதில்லை. மகனும் வீட்டில் படுப்பான்.

யானை இனம் பார்த்து வருவதில்லை. தமிழர் ஊரில் தின்றுவிட்டு முஸ்லிம் ஊரில் மிதித்துவிட்டுச் சிங்கள ஊரின் குளத்தில் குளிக்கிறது. ஒரு ஊர் மட்டும் வேலி போட்டால் அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டதாகவே முடியும். பிரதேச செயலகத்தில் மூன்று சமூகப் பெண்களும் சேர்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல விடயம் கிடைக்காது.

இழப்பு நேர்ந்தால்

வீடோ பயிரோ சேதமானால் விடிந்ததும் துப்புரவாக்கத் தொடங்காதீர்கள். முதலில் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் வனசீவராசி அலுவலகத்துக்கும் அறிவித்து, பொலிசில் முறைப்பாடு பதிந்து, பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுத் தொகைகள் அவ்வப்போது மாறுவதால் தற்போதைய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். காணியோ வீடோ காணாமற்போன கணவரின் பெயரில் இருந்தால், அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பின் காணப்படாமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. அது இருந்தால் பிரதியை இணையுங்கள். இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தைக் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில்லாத கோரிக்கைக்குக் கந்தோரில் நினைவு இருப்பதில்லை.

சகோதரிகளே, பகலில் பிள்ளையார் என்று கும்பிட்டு இரவில் எமன் என்று நடுங்கும் இந்த மிருகத்தோடுதான் எங்கள் வாழ்வு. அது எங்களை விட்டுப் போகப்போவதில்லை, நாங்களும் திரும்பி வந்த மண்ணை விட்டு மீண்டும் போகப்போவதில்லை. இம்மாத மாதர் சங்கக் கூட்டத்தில் இப்பக்கத்தை ஒருவர் உரத்து வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். யாருடைய வீட்டில் நெல்லும் பாயும் ஒரே சுவரோரம் இருக்கின்றன? தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் இரவில் யார் வீட்டுக்கு வருவார்கள்? அடுத்த கமக்காரர் கூட்டம் எந்த நாள்? கூட்டம் முடிந்ததும் முதற்கேள்விக்குக் கையுயர்த்தியவர்களின் வீட்டுக்கு எல்லோருமாகப் போய், அன்று பொழுதுபடுமுன் மூடைகளை இடம் மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.